செஸ்ஸுக்கு ஒலிம்பிக்கில் இடம் உண்டா? நடுவர் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

செஸ் போட்டிகளில் நடுவராக இருப்பவனுக்கு ஆட்டம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் பெரிதாக வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் பெற்றோரும் பார்வையாளர்களும் மெல்ல மேசைப் பக்கம் வருவார்கள். விதிமுறை பற்றிய சந்தேகம் தீர்ந்ததும் பேச்சு எப்படியோ ஒலிம்பிக்கில் வந்து நிற்கும். ஒரே பதிலை நூறு தடவை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே கூடியவரை விட்டிருக்கிறேன்.

செஸ் உண்மையிலேயே ஒரு விளையாட்டா சார்?

தமிழில் கேட்டால் இந்தக் கேள்வியே கொஞ்சம் வேடிக்கையானது. பல்லாங்குழியும் விளையாட்டு, நூறு மீட்டர் ஓட்டமும் விளையாட்டு. 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்றால் அதுவும் விளையாட்டு. உடலை வருத்தி ஆடுவதற்கு ஒரு பெயர், உட்கார்ந்து ஆடுவதற்கு வேறொரு பெயர் என்று பிரித்து வைத்திருக்கும் மொழிகளில்தான் இந்தச் சண்டை சூடு பிடிக்கிறது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எழுதப்பட்ட விதிகள், நடுவர், உலகத் தரவரிசை, வெற்றி தோல்வி, சர்வதேசக் கூட்டமைப்பு, ஊக்கமருந்துச் சோதனை என எல்லாமே செஸ்ஸில் இருக்கின்றன. போட்டி விளையாட்டு என்று சொல்ல எனக்கு இது போதும். ஒலிம்பிக் விளையாட்டா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு.

ஒலிம்பியாட் என்று நடத்துகிறார்களே, அது ஒலிம்பிக் இல்லையா?

இல்லை. பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செஸ் ஒலிம்பியாட் என்பது ஃபிடே எனப்படும் உலகச் செஸ் கூட்டமைப்பு நடத்தும் அணிப் போட்டி. முதல் அதிகாரபூர்வ ஒலிம்பியாட் 1927இல் லண்டனில் நடந்தது. 1950 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் நடந்துவருகிறது. 2022இல் மாமல்லபுரம், 2024இல் புடாபெஸ்ட். ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு இதில் பங்கு எதுவும் இல்லை. ஐந்து வளையச் சின்னத்தையும் இங்கே பார்க்க முடியாது.

அப்படியானால் ஒலிம்பிக் கமிட்டி செஸ்ஸை மதிப்பதே இல்லையா?

மதிக்கிறது. ஃபிடேயை 1999இல் அங்கீகரித்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் வேறு, நிகழ்ச்சி நிரலில் இடம் வேறு. கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது, பந்தியில் இலை போடவில்லை என்ற நிலைமை. அங்கீகாரம் மட்டும் பெற்றுக் காத்திருக்கும் விளையாட்டுகள் இன்னும் பல உண்டு.

ஒரு தடவைகூட ஒலிம்பிக் பக்கம் செஸ் போனதில்லையா?

போயிருக்கிறது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி அதே நகரத்தில் ஒரு செஸ் போட்டி நடந்தது. லாட்வியாவின் ஹெர்மானிஸ் மாட்டிசன்ஸ் வென்றார். அந்தப் போட்டியின் கடைசி நாளான ஜூலை 20 அன்று, அங்கே கூடியிருந்த பிரதிநிதிகள் சேர்ந்து தொடங்கியதுதான் ஃபிடே. கூட்டமைப்பு பிறந்ததே ஒலிம்பிக் வாசலில் என்றும் சொல்லலாம். அன்று கதவைத் தாண்ட முடியாமல் போனதற்குப் பெரிய காரணம் பணம் வாங்கி ஆடுபவர் யார், வாங்காமல் ஆடுபவர் யார் என்ற சிக்கல். அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இடமில்லை. செஸ்ஸிலோ சிறந்தவர்கள் பலரும் அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். அந்தத் தடை பிற்பாடு தளர்ந்து, 1988இல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களே மெடலுக்கு ஆடினார்கள்.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கின்போது விஸ்வநாதன் ஆனந்தும் அலெக்ஸி ஷிரோவும் காட்சி ஆட்டம் ஆடினார்கள். அதற்கு மெடல் கிடையாது.

உட்கார்ந்த இடத்தில் ஆடுவதற்கு மெடலா? வேர்க்க வேண்டாமா?

இப்படிக் கேட்பவர்களை ஒரு பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடமே உள்ள அதிவேக ஆட்டம்) போட்டியின் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் நிற்கவைக்க ஆசை. கடிகாரத்தில் நான்கு வினாடி இருக்கிறது. சிப்பாயை எட்டாம் வரிசைக்குத் தள்ளியாயிற்று. அங்கே போன சிப்பாய் ராணியாக மாறும். சிப்பாயை எடுத்துவிட்டு ராணியை வைத்த பிறகுதான் கடிகாரத்தை அழுத்தலாம், அதுவும் காயைத் தொட்ட அதே கையால். ராணி மேசை ஓரத்தில், எதிராளி வெட்டி வைத்த காய்களுக்கு நடுவே கிடக்கிறது. கை நடுங்கி ஒரு யானை சாய்கிறது. சாய்ந்த காயை நிமிர்த்துவதும் சாய்த்தவருடைய நேரத்தில்தான். பதற்றத்தில் ராணியை வைக்காமல் கடிகாரத்தைத் தட்டினால் விதிமீறல். எதிராளிக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறோம். ராணி கைக்கு எட்டவில்லை என்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேட்கலாம் என்று விதியே இருக்கிறது. அந்த நான்கு வினாடியில் அது யாருக்கு நினைவு வரும்? இத்தனையும் முடிந்து எழுபவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கைவேகம் ஆட்டத்தின் ஓரம்தான். பார்வையற்ற ஆட்டக்காரருக்காக உதவியாளர் காயை நகர்த்தலாம் என்பதும் எங்கள் விதிதான். ஆட்டம் யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வேறொருவர் ஈட்டி எறிந்தால் அது உங்கள் எறிதல் ஆகாது. செஸ்ஸுக்கு எதிரான வாதங்களில் பலமானது இதுதான் என்பது என் எண்ணம். இதற்கு முழுமையான பதிலை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிராண்ட்மாஸ்டர் ஒரு நாளில் 6,000 கலோரி எரிக்கிறாராமே?

இந்த எண்ணைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இது யாரும் ஆட்டக்காரரின் உடலில் அளந்து சொன்னது அல்ல. மூச்சு வேகம், இதயத் துடிப்பு போன்றவற்றை வைத்துப் போட்ட ஊகக் கணக்கு. 6,000 கலோரி என்பது மலைப்பாதையில் நாள் முழுக்க சைக்கிள் மிதிக்கும் வீரருக்குப் பொருந்தும். மூளை பெரிய தீனிக்காரன்தான். ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஆனால் கடினமாக யோசித்தால் அது பல மடங்காவதில்லை.

நீண்ட போட்டி உடலை உருக்கும் என்பது மட்டும் உண்மை. 1984 செப்டம்பரில் தொடங்கிய கார்போவ், காஸ்பரோவ் உலக சாம்பியன்ஷிப்பில் முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம் என்று விதி. 48 ஆட்டம் ஆடியும் யாரும் ஆறைத் தொடவில்லை. அவற்றில் 40 டிரா. 1985 பிப்ரவரியில், ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லி ஃபிடே தலைவர் போட்டியையே நிறுத்திவைத்தார். இன்றைய முன்னணி ஆட்டக்காரர்கள் ஓட்டம், நீச்சல் என்று உடலைப் பேணுவது ஐந்தாவது மணி நேரத்திலும் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். செஸ் தரப்பில் வாதாடுபவர்கள் கலோரிக் கணக்கில் இறங்கினால் தோற்றுப்போவார்கள்.

துப்பாக்கி சுடுபவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். அதற்கு மெடல் உண்டு, செஸ்ஸுக்கு இல்லையா?

நல்ல மடக்கல்தான், ஆனால் பாதிதான் செல்லும். துப்பாக்கி சுடுதலில் அசையாமல் நிற்பதே உடல் திறமை. மூச்சை அடக்கும் நொடியில் முடிவு தீர்மானமாகிறது. மேலே சொன்ன உதவியாளர் சோதனையை அங்கே பொருத்திப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

வயதை வைத்து மட்டும் யாரும் தடுக்க முடியாது. சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920இல் 72 வயதில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கினார். இன்னொரு சுவையான சங்கதி: 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியம், சிற்பம், இலக்கியம், இசை, கட்டடக் கலை ஆகியவற்றுக்கும் மெடல் கொடுத்தார்கள். 1948இல் பிரிட்டனின் ஜான் கோப்லி 73 வயதில் செதுக்கு ஓவியத்துக்கு வெள்ளி பெற்றார். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒலிம்பிக் மெடல் கொடுத்ததே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பிற்பாடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் அவர் சொல்லக்கூடும். அதற்குத் தயாராக இருங்கள்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் செஸ் இருக்கிறதே, அதே போல இங்கேயும் சேர்த்தால் என்ன?

2006இல் தோஹா, 2010இல் குவாங்சோ, பிறகு 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி ஆகியவற்றில் செஸ் இருந்தது. நடுவில் 2014லும் 2018லும் இல்லை. நடத்தும் நாட்டின் விருப்பத்துக்கு ஏற்ப வருவதும் போவதுமாக இருக்கிறது. குவாங்சோவிலும் ஹாங்சோவிலும் கோ, சீனச் சதுரங்கம் ஆகியவையும் இருந்தன. ஆசியாவில் பலகை விளையாட்டுகளுக்கு உள்ள மரியாதை அப்படி. ஒலிம்பிக் கமிட்டியின் பார்வை வேறு.

என்ன பார்வை? தடை ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?

2002இல் ஒலிம்பிக் நிகழ்ச்சி நிரலை ஆராய்ந்த கமிட்டியின் ஆணையம், மன விளையாட்டுகளை அவற்றின் இயல்பைக் கருதி நிரலில் சேர்க்கக் கூடாது என்று கருத்துச் சொன்னது. அதற்குப் பிறகு வழிமுறைகள் மாறிவிட்டன. போட்டியை நடத்தும் நகரமே கூடுதல் விளையாட்டுகளை முன்மொழியலாம் என்று வந்தது.

நடைமுறைத் தடை இடப் பற்றாக்குறை. கோடைக்கால ஒலிம்பிக்கில் சுமார் 10,500 வீரர்கள் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். யாரையாவது சேர்த்தால் வேறு எங்கோ இடம் குறைய வேண்டும். ஸ்குவாஷ் எத்தனையோ ஆண்டுகள் கேட்டுக் கேட்டு 2028 லாஸ் ஏஞ்சலஸுக்குத்தான் இடம் வாங்கியிருக்கிறது. 1900இல் ஒரே ஒரு தடவை ஆடிய கிரிக்கெட்டும் அப்போதுதான் திரும்பி வருகிறது.

நடனத்துக்கு இடம் கொடுத்தவர்கள் செஸ்ஸுக்குக் கொடுக்கக் கூடாதா?

பாரிஸ் 2024ஐக் குறிப்பிடுகிறீர்கள். அதற்கு ஃபிடேயும் 2019இல் விண்ணப்பித்தது. ரேபிட் (பிளிட்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் உள்ள வேக ஆட்டம்), பிளிட்ஸ் வடிவங்களை முன்வைத்தார்கள். பாரிஸ்காரர்கள் பிரேக்கிங் நடனம், ஸ்கேட்போர்டிங், அலைச்சறுக்கு, ஏறுதல் போட்டி ஆகிய நான்கைத் தேர்ந்தெடுத்தார்கள். இளைஞர்களை இழுக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

ஆனால் அந்த நடனத்தின் கதியைப் பாருங்கள். பாரிஸில் ஒரே தடவை. லாஸ் ஏஞ்சலஸ் நிரலில் இல்லை. கராத்தேயும் டோக்கியோவோடு சரி. விருந்தாளியாக ஒரு தடவை போய் வருவதற்கும் குடியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரே தடவைக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

செஸ்ஸில் என்ன ஊக்கமருந்து? காப்பி குடித்தால் தடையா?

காப்பிக்குத் தடை இல்லை. காஃபீனுக்கு வைத்திருந்த வரம்பை 2004லேயே எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் அங்கீகாரம் பெற்றதால் மற்ற விளையாட்டுகளின் ஊக்கமருந்து விதிகளை ஃபிடேயும் ஏற்றுக்கொண்டது. எடை தூக்குபவருக்காக எழுதிய பட்டியல் காய் நகர்த்துபவருக்கும் பொருந்தும்.

மருந்தால் பயன் உண்டா? 2017இல் வெளியான ஓர் ஆய்வில் மூளையைத் தூண்டும் மருந்துகளான மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் அதிக நேரம் யோசித்தார்கள். அதனால் நேரம் தீர்ந்து தோற்றதும் உண்டு. அப்படித் தோற்ற ஆட்டங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மருந்து உதவியது தெரிந்தது. பிளிட்ஸுக்கு அது எதிரியாகவே முடியலாம்.

2008 டிரெஸ்டன் ஒலிம்பியாட்டில் கடைசிச் சுற்றில் தோற்ற வாசிலி இவான்சுக் ஆத்திரத்தில் வெளியேறிவிட்டார், சோதனைக்கு வரவில்லை. பெரிய தடை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரிடம் முறைப்படி அறிவிக்கவில்லை என்று முடிவாகித் தண்டனை இல்லாமல் போனது. தோற்ற சோகத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் நடுவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

கைப்பேசியில் இருக்கும் மென்பொருள் உலக சாம்பியனையே தோற்கடிக்கும். பிறகு மெடலுக்கு என்ன மரியாதை?

மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் மாரத்தான் ஓடத்தானே செய்கிறார்கள்? டீப் ப்ளூ என்ற கணினி காஸ்பரோவைத் தோற்கடித்தது 1997இல். அதற்குப் பிறகு செஸ் பார்ப்பவர்கள் கூடித்தான் இருக்கிறார்கள்.

உண்மையான கவலை ஏமாற்று வேலை. மாரத்தானில் மோட்டார் சைக்கிளை மறைத்துக்கொண்டு ஓட முடியாது. மென்பொருள் சொல்லும் ஒரே ஒரு நகர்வைக் காதில் வாங்க ஒரு நொடி போதும். பெரிய போட்டிகளில் உலோகச் சோதனை செய்கிறோம், ஒளிபரப்பைத் தாமதப்படுத்துகிறோம், கழிப்பறைப் பக்கம் ஒரு கண் வைக்கிறோம். ஒலிம்பிக் மெடல், அதன் பின்னால் அரசுப் பரிசு, வேலை என்று வந்தால் ஆசை இன்னும் பெருகும். மேலே சொன்ன மருந்துப் பிரச்சினை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எல்லா ஆட்டமும் டிரா ஆனால் யாருக்குத் தங்கம்?

2018 உலக சாம்பியன்ஷிப்பில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 நீண்ட ஆட்டங்களும் டிரா. பிறகு ரேபிட் ஆட்டங்களில் கார்ல்சன் 3-0 என்று முடித்தார். தொலைக்காட்சிக்கு அந்தக் கடைசி நாள் மட்டும் போதும். ஃபிடே பாரிஸுக்கு ரேபிட்டையும் பிளிட்ஸையும் முன்வைத்தது இதனால்தான். அதுவும் டிராவானால் 'ஆர்மகெடான்' இருக்கிறது: வெள்ளைக்கு அதிக நேரம், கறுப்புக்குக் குறைவு, டிராவானால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. முடிவு கட்டாயம் வரும்.

இருந்தும் 2024 கடைசி நாளில் நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். உலக பிளிட்ஸ் இறுதியில் கார்ல்சனும் நெபோம்னியாஷியும் ஆடிக்கொண்டே இருந்து, பட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கேட்டார்கள்; ஃபிடே சம்மதித்தது. டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் டம்பேரியும் பர்ஷிமும் தங்கத்தைப் பகிர்ந்தார்களே என்பார்கள். அங்கே அதற்கு விதி இருந்தது. இங்கே மேசையில் வைத்துப் பேசி முடிவு செய்தார்கள். நடுவர் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒலிம்பிக் கேட்டுப் போகிறவர்கள் முதலில் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

மூளைக்கு ஆண் பெண் பேதம் உண்டா? பெண்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு?

செஸ்ஸில் ஆண்கள் பிரிவு என்று ஒன்று கிடையாது. எல்லோரும் ஆடக்கூடிய பொதுப் பிரிவு ஒன்று, பெண்களுக்கு மட்டுமான பிரிவு இன்னொன்று. ஜூடித் போல்கர் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் பக்கமே போகாமல் பொதுப் பிரிவில் ஆடி உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை உயர்ந்தார். ஆட வருகிற பெண்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்களுக்கு வாய்ப்பும் பரிசும் கிடைக்கத்தான் தனிப் பிரிவு. ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். இரண்டு அமைப்புக்கும் அங்கே இடம் உண்டு. இது தடையாக இருக்காது.

குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கலாமே, செஸ் அறைக்குள் ஆடுவதுதானே?

ஃபிடேயின் முன்னாள் தலைவர் இல்யும்ஜினோவ் இப்படியும் முயன்றார். ஆனால் ஒலிம்பிக் சாசனப்படி பனியிலோ பனிக்கட்டியிலோ ஆடுவது மட்டுமே குளிர்கால விளையாட்டு. பலகையை ஐஸில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

செஸ்ஸை உள்ளே விட்டால் பிரிட்ஜ் சீட்டாட்டம், கோ எல்லாம் வரிசையில் நிற்குமே?

நிற்கும். பிரிட்ஜ் கூட்டமைப்புக்கும் அங்கீகாரம் உண்டு. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வரி வழக்கில், பிரிட்ஜில் உடல் உழைப்பு மிகச் சொற்பம் என்பதால் அது வரிவிலக்குக்குரிய விளையாட்டு அல்ல என்று தீர்ப்பளித்தது. செஸ்ஸுக்கும் அதே கத்தி தொங்குகிறது.

எனக்குப் பிடித்த வழி வேறு. 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில் அதே நகரத்தில் உலக மன விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. செஸ், பிரிட்ஜ், கோ, டிராஃப்ட்ஸ், சீனச் சதுரங்கம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ். பாராலிம்பிக்கைப் போல ஒலிம்பிக்கை அடுத்து இதையும் நிலையாக நடத்தினால் யாருடைய இடமும் பறிபோகாது. அந்தப் பழக்கம் வேர்விடவில்லை என்பது என் ஆதங்கம்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஃபிடே ஏன் விடாமல் கேட்கிறது?

பணமும் பள்ளிக்கூடங்களும். ஒலிம்பிக் ஒளிபரப்பு வருமானத்தில் நிரலில் உள்ள கூட்டமைப்புகளுக்குப் பங்கு போகிறது. பல நாட்டு அரசுகள் ஒலிம்பிக் விளையாட்டு என்ற முத்திரை இருந்தால்தான் பயிற்சிக்கும் பயணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கின்றன. பெரிய ஆட்டக்காரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போட்டிக்கு அலையும் இளையவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். செஸ்ஸுக்காகப் பேசும் வாதங்களில் எனக்கு மனம் இளகுவது இதற்கு மட்டும்தான்.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

செஸ் விளையாட்டுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒலிம்பிக்குக்கு அழைத்தால் போகலாம். ஆனால் அங்கே போகப்போவது மூன்று நிமிட, பதினைந்து நிமிட ஆட்டம்தான். ஐந்து மணி நேரம் ஓடி, ஒரு சிப்பாய் வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்துக்கு அங்கே இடமிருக்காது. அது இல்லாத மெடலை உலகின் சிறந்த செஸ் ஆட்டக்காரருக்கான மெடல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒலிம்பிக் மெடல் வாங்குவான் என்று நினைத்துத்தான் பையனைச் சேர்த்தேன். வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடட்டுமா?

போன மாதம் ஓர் அம்மா கேட்டது. மெடல்தான் குறி என்றால் மாற்றுவதுதான் நியாயம் என்றேன். இன்றைய நிலையில் செஸ் ஆடி அதை வாங்க முடியாது. கிராண்ட்மாஸ்டர் பட்டம் இருக்கிறது, அதற்கு 2500 ரேட்டிங்கும் (தரப்புள்ளி) மூன்று நார்மும் (போட்டியில் அந்தத் தரத்துக்கு ஆடியதற்கான தகுதி) வேண்டும், வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும் என்றும் சொன்னேன். பையனைக் கேட்டீர்களா என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவனுடைய ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் நான்காம் பலகைக்குப் பின்னால் நுனிக்காலில் நின்று, முன்பின் தெரியாத இரண்டு பெரியவர்களின் யானை முடிவாட்டத்தைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். சத்தம் வெளியே கேட்கும்போல் இருந்ததால் நான் எழுந்து போய் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன்.